மர மில்லுக்குப் பின்னால் இருந்த மடு

புதிதாக வந்த பல் டாக்டருக்கு மீன் பிடிக்கிற பழக்கம் உண்டு என்பது அவள் குடிவந்த அன்றே கடைத்தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியிலிருந்து சாமான் இறக்கியவர்களில் ஒருவர் நீளமான பச்சை உறையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இது எந்தப் பல்லப் பிடுங்கறதுக்கு டாக்டர்?" என்று கேட்டார். தூண்டில் கம்பு என்று அவள் சொன்னாள். பெட்டிகள் மாடி ஏறி முடிவதற்குள் செய்தி பேக்கரி, முடிவெட்டும் கடை, பஸ் நிறுத்தம் என்று ஒரு சுற்று போய்த் திரும்பி வந்துவிட்டது.

அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. நகரத்தில் ஒரு பெரிய பல் மருத்துவமனையில் பத்தோடு பதினொன்றாக வேலை பார்த்தவள். இந்த ஊரில் இருந்த வயதான பல் டாக்டர் மகனோடு போய் இருக்க முடிவு செய்து, கிளினிக்கைக் கைமாற்றிவிட ஆள் தேடியபோது அவள் எடுத்துக்கொண்டாள். சாய்வு நாற்காலி, எக்ஸ்ரே பெட்டி, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சுகள், இவற்றோடு உதவியாளரும் சேர்ந்தே வந்தார். கீழே கிளினிக், மேலே ஓர் அறையும் சமையலறையும். மாடி ஜன்னலைத் திறந்தால் தகரக் கூரைகளுக்கு அப்பால் ஆறு ஒரு பட்டையாகத் தெரியும். அவள் இந்த ஊருக்குச் சரி சொன்னதில் அந்தப் பட்டைக்கும் பங்கு இருந்தது.

நகரத்தில் அவள் மீன் பிடித்ததெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காரும் ஒரு குளத்தில். காலையில் தொட்டியிலிருந்து மீனைக் கொண்டுவந்து விடுவார்கள், மாலைக்குள் எல்லாரும் பிடித்துவிடுவார்கள். சொந்த அலமாரியிலிருந்து துணி எடுப்பது போலத்தான். ஆறு வேறு என்று அவளுக்குத் தெரியும். எப்படி வேறு என்று தெரியாது. அதனால் யார் யோசனை சொன்னாலும் கேட்டுக்கொண்டாள்.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை. நாற்காலியில் சாய்ந்தவர்கள் அவள் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தார்கள்.

"உங்க நிழல் தண்ணியில விழக் கூடாது டாக்டர்," என்றார் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். "விழுந்துச்சுன்னா கெண்டை அன்னிக்கு லீவு போட்டுரும்."

பஸ் டிரைவர் புழுவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்துப் புழு ஆகாது. மக்கின இலைக்கு அடியில் சிவப்பாக, கழுத்தில் பட்டை போட்ட மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் வேண்டும். பேக்கரிக்காரர் புழுவே வேண்டாம் என்றார். ரொட்டி மாவில் சோம்பைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து, நிலக்கடலை அளவுக்கு உருட்டினால் போதும். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் உட்கார வேண்டும், தீனியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும் என்றார் ஒருவர். மழை பெய்த மறுநாள் கால்வாய் வந்து சேரும் இடத்தில் கெளுத்தி நிற்கும் என்றார் இன்னொருவர். மரப்பு ஊசி போட்ட பிறகும் பேசினார்கள். கெளுத்தி என்பது கெவுவி என்று வந்தது. அவளுக்குப் புரிந்தது. மரத்த வாய்ப் பேச்சு புரியாவிட்டால் அந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது.

புழுவா மாவா என்பதில் ஆளுக்கொரு கட்சியாக இருந்தவர்கள் இடம் என்று வந்ததும் ஒரே கட்சி ஆனார்கள். பழைய பம்பு ஹவுஸ் பக்கத்து வளைவு. அதை விட்டால் வேறு இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனாள். வளைவில் தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. உட்கார வசதியாக ஒரு சிமெண்ட் மேடை. அவள் நிழல் விழாமல் உட்கார்ந்தாள். பட்டை போட்ட புழுவைத் தேடிப் பிடித்தாள். சோம்பு மாவு பிசைந்தாள். பாசி வந்தது. ஒரு கால் செருப்பு வந்தது. ஒருமுறை விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று வந்து, அதுவே தெரியாமல் வந்துவிட்டது போல விழித்தது. அதைத் திரும்ப விட்டாள். திங்கட்கிழமை வருகிறவர்கள், "என்ன டாக்டர், நேத்து எப்படி?" என்று விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், "பொறுமை வேணும்" என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் துப்பினார்கள். துப்புவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

கோடை முடியும்போது உதவியாளருக்கு மனம் கேட்கவில்லை. கருவிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"டாக்டர், அந்த வளைவுல மீனே கிடையாது. பம்பு ஹவுஸ் கட்டினப்ப ஆத்துக்கு அடியில சிமெண்ட் போட்டுட்டாங்க. பாசியத் தவிர அங்க ஒண்ணும் பொழைக்காது."

"அப்புறம் ஏன் எல்லாரும் அங்க போகச் சொல்றாங்க?"

"புதுசா வர்றவங்க எல்லாரையும் அங்கதான் அனுப்புவாங்க. போன தடவ வந்த பேங்க் மேனேஜர் மாத்தலாகிப் போற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாரு."

"நீங்களாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எங்க அக்கா வீட்டுக்காரரும் தூண்டில் போடறவரு டாக்டர். நான் வாயத் திறந்தா அக்காவத்தான் திட்டுவாரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த முறை பஸ் டிரைவர் வந்தபோது, கையில் துளைக்கிற கருவியோடு நிஜமான இடம் எது என்று கேட்டாள். அவர் கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பொண்டாட்டியோட தம்பிக்கே சொல்லல டாக்டர். நீங்க பல்ல மொத்தமாப் பிடுங்கினாலும் சொல்ல முடியாது," என்றார். பிறகு சமாதானமாக, "நல்ல எடம்லாம் ஆணிக்கடைக்காரருக்குத்தான் தெரியும். அவர்கிட்டக் கேளுங்க. சொல்ல மாட்டாரு, ஆனா கேளுங்க," என்றார்.

ஆணிக்கடைக்காரரை அவளுக்குத் தெரியும். கடைத்தெருக் கோடியில் ஆணி, கயிறு, குழாய், பூட்டு விற்கிற கடை. கல்லாவுக்குப் பின்னால் ஓர் இழுப்பறையில் தூண்டில் முள்ளும் நரம்பும் ஈயக் குண்டும் வைத்திருப்பார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆணியை நிறுத்துக் கொடுப்பது போலப் பேச்சையும் நிறுத்துத்தான் கொடுப்பார் என்று ஊரில் சொல்வார்கள். தராசில் ஒன்று அதிகமாக விழுந்தால் எடுத்துவிடுகிற ஆள். ஒவ்வொரு ஞாயிறும் தனியாக எங்கோ போய், மத்தியானம் நல்ல கெண்டையோடு வருவார். எந்த வழியாகப் போனார், எந்த வழியாக வந்தார் என்று யாரும் பார்த்ததில்லை. ஊரில் அவர் ஒருவர்தான் அவளைப் பம்பு ஹவுஸ் வளைவுக்கு அனுப்பாதவர். வேறு எங்கேயும் அனுப்பவும் இல்லை. ஒருமுறை அவள் தடித்த நரம்பைக் கேட்டபோது, "அது வேணாம்" என்று மெல்லியதை எடுத்து வைத்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

அவள் போய்க் கேட்கவில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கும் முன் அவருடைய மனைவி பல்வலியோடு கிளினிக்குக்கு வந்தார்.

கடைவாய்ப் பல். வேர் வரைக்கும் போயிருந்தது. நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும், கடைசியில் கேப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டினார். கனத்த உடம்பு, நிதானமான முகம். நாற்காலியில் ஏறும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறினார். முதல் நாள் அதிகம் பேசவில்லை. இரண்டாம் தடவை, பஞ்சை வாயில் கடித்தபடி மரப்பு ஏறுவதற்காகக் காத்திருந்தபோது கேட்டார்.

"ஞாயித்துக்கிழம எங்க போய் உக்கார்றீங்க?"

"இப்பல்லாம் போறதில்ல. பம்பு ஹவுஸ்ல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்த அம்மா பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மூடிக்கிடக்கிற மர மில் தெரியுமா? அதோட பின்வாசல் வழியா இறங்குங்க. வாசல் பூட்டியிருக்கற மாதிரி இருக்கும், பூட்டு சும்மா தொங்குது. மரத்தூள் மேடு தாண்டினா ஒத்தையடிப் பாதை. ஆத்தங்கரையில ஒரு பெரிய மரம் வேரோட சாஞ்சு தலை தண்ணிக்குள்ள கிடக்கும். அதுக்கு இந்தப் பக்கம் மடு. தண்ணி கருப்பாத் தெரியும், அவ்வளவு ஆழம். கிளைக்குள்ள போடாதீங்க, மாட்டிக்கும். கிளைக்கு ஓரமா, ரெண்டு கை தள்ளிப் போடணும்."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"புழு, மாவு எதுவும் வேணாம். உருளைக்கிழங்கு. தோலோட, சர்க்கரை ஒரு சிட்டிகை போட்டு முக்கால் வேக்காடு. ஆறினதும் சதுரமா வெட்டணும். முள் வெளிய தெரியக் கூடாது."

"இது உங்க வீட்டுக்காரரோட இடமா?"

"ஆத்துல யாருக்கு என்ன இடம்? ஞாயித்துக்கிழம மட்டும் போகாதீங்க. நான் சொன்னேன்னும் சொல்லாதீங்க." அந்த அம்மா பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தவர் இடத்தில் போய் உட்காருவதா என்று டாக்டர் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் கிளினிக் விடுமுறை. கிழங்கை வேகவைத்து வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, மர மில்லின் பின்வாசல் வழியாக இறங்கினாள்.

எல்லாம் அந்த அம்மா சொன்னபடியே இருந்தது. மரத்தின் வேர்கள் கரையில் ஒரு சுவர் போல நின்றன. வேர்ச் சுவருக்குக் கீழே புல் தேய்ந்து ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வழவழப்பாக இருந்தது. அவள் அதில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தக்கை மிதவை கிளையோரம் அசையாமல் நின்றது, பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்தது, பிறகு காணாமல் போனது. கம்பு வளைந்த வளைவில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். டிக்கெட் குளத்தில் அப்படி ஒன்று வளைந்ததே இல்லை. வலைக்குள் வந்தபோது மீன் அவள் முழங்கை நீளத்துக்கும் மேலே இருந்தது, செதில் ஒவ்வொன்றும் பழைய பித்தளை நிறம். அதைத் தெரு வழியாக எடுத்துப்போக முடியாது. எங்கே பிடித்தது என்று நூறு பேர் கேட்பார்கள். தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டுவிட்டாள்.

இரண்டாம் புதன்கிழமை அவள் கிழங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஆணிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அன்று சரக்கு லாரி வராததால் கடையை மத்தியானமே மூடிவிட்டிருந்தார். கையில் கம்பு, தோளில் பை. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

டாக்டர் எழுந்துகொண்டாள். "மன்னிச்சுக்குங்க," என்றாள்.

"யார் சொன்னது?"

"அத நான் சொல்ல முடியாது."

"இந்த எடம் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது."

அவருடைய பார்வை கீழே போனது. டப்பா திறந்திருந்தது. உள்ளே கிழங்குத் துண்டுகள், ஒரே அளவில் சதுரம் சதுரமாக. அவர் குனிந்து ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை தெரிந்திருக்க வேண்டும், அவர் வீட்டு அடுப்பில் வேகிற அதே பக்குவம்.

வேர்ச் சுவருக்குக் கீழே போய் அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கம்பை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆற்றின் அக்கரையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இங்க வந்திருக்காளா?" என்று கடைசியில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது." அது உண்மைதான்.

"வராம எப்படிச் சொல்ல முடியும்?" அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எழுந்து புறப்பட்டவர் நாலடி போய்த் திரும்பி, "தக்கைய இன்னும் ஒரு முழம் மேல ஏத்துங்க. தண்ணி ஏறியிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தக்கையை ஏற்றவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேப் போடுகிற நாளில் அந்த அம்மா வந்தபோது உதவியாளர் பக்கத்து மருந்துக்கடைக்குப் போயிருந்தார். டாக்டர் நடந்ததைச் சொன்னாள். தான் பெயரைச் சொல்லவில்லை, கிழங்கு சொல்லிவிட்டது என்றாள்.

"தெரியும்," என்றார் அந்த அம்மா. "அன்னிக்கே வந்து கேட்டாரு, எப்ப அங்க வந்தேன்னு."

"நீங்க போயிருக்கீங்களா அங்க?"

அந்த அம்மா நாற்காலியில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். பொண்ணு வெளியூருக்கு வேலைக்குப் போன வருஷம் அது என்று தொடங்கினார். பொண்ணு இருந்தவரை வீட்டில் பேச்சு இருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாமல் இருப்பது தெரியாது. இரண்டு பேர் ஆனதும் தெரிந்துவிட்டது. காலையில் டீ வைத்தால் குடிப்பார், சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவிக்கூட வைப்பார். ஒரு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு கிளம்பிப் போவார்.

"எனக்கு வேற மாதிரி சந்தேகம் வந்துருச்சு. ஆம்பள அப்படிக் கிளம்பினா என்னத்த நினைக்கறது? ஒரு நாள் பின்னாலயே போயிட்டேன். மில்லுல மிஞ்சின பலகை ஆத்தங்கரையோரம் அடுக்கிக் கிடக்கும், அதுக்குப் பின்னால நின்னு பாத்தேன்."

"யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல. ஆனா பேசிக்கிட்டிருந்தாரு. வாய்விட்டு, நல்லா சத்தமா. கடையப் பத்தி, பொண்ணப் பத்தி. பூட்டுக் கம்பெனிக்காரன் ஏமாத்தினதப் பத்தி. தண்ணியப் பாத்துக்கிட்டே பேசறாரு. நடுவுல சிரிக்கறாரு. கல்யாணமாகி அத்தன வருஷத்துல அவ்வளவு பேச்ச நான் கேட்டதில்ல." அந்த அம்மா மடியில் இருந்த கைப்பையை நேராக வைத்தார். "அப்பத்தான் எனக்கு முட்டி வலி ஆரம்பிச்சிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அவரு சொல்றாரு, 'படி ஏறும்போது சுவத்தப் பிடிச்சுக்கிட்டு ஏறறா, கேட்டா ஒண்ணுமில்லம்பா'ன்னு. அவரு என்னைக் கேக்கவே இல்ல டாக்டர். கேட்டா இப்படித்தான் சொல்வேன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. ஆனா பாத்திருக்காரு. அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்."

"நீங்க கூப்பிடலையா?"

"என்னன்னு கூப்பிடறது? வேற பொம்பளையா இருந்தா சண்ட போட்டிருப்பேன். மீன்கிட்டப் போய் என்ன சண்ட போடறது? வந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவ போய் நின்னு கேட்டிருக்கேன். முட்டி விடல, நிறுத்திட்டேன்."

டாக்டர் கேட்க நினைத்ததை அந்த அம்மாவே சொன்னார். "அங்க வேற ஆள் வந்து போற தடம் தெரிஞ்சா, பேச எடம் இல்லாம வீட்டுல வந்து பேசுவாருன்னு நினைச்சேன். அதான் உங்ககிட்ட சொன்னேன். நடந்தது வேற. இப்ப மீன் பிடிக்கவே போறதில்ல. முன்னாடி பேசாம வெளிய போவாரு. இப்ப பேசாம வீட்டுலயே இருக்காரு."

உதவியாளர் திரும்பி வந்துவிட்டார். அந்த அம்மா சாய்ந்து வாயைத் திறந்தார். கேப் சரியாகப் பொருந்தியது.

நாற்காலியில் கேட்டதை நாற்காலியோடு விட்டுவிடுவது டாக்டரின் வழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் தானும் ஒரு கை வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் கடை சாத்தும் நேரத்தில் ஆணிக்கடைக்குப் போனாள். அவர் ஒரு கூடையில் ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே அங்க வர மாட்டேன்," என்றாள். "நீங்க போங்க."

"எடம் எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" அவர் நிமிரவில்லை. சிறிய ஆணி ஒரு டப்பாவில், பெரியது ஒரு டப்பாவில் விழுந்துகொண்டிருந்தன. "எடத்துக்காக இல்ல டாக்டர்," என்றார். "அங்க உக்காந்து என்னென்னவோ பேசியிருக்கேன். என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அவ எத எதக் கேட்டாளோ. அதான் மூஞ்சியப் பாக்க முடியல."

டாக்டர் வழக்கத்தை மீறினாள்.

"முட்டி வலியப் பத்திப் பேசினீங்களாம்."

அவர் கை நின்றது. "அப்புறம்?"

"பூட்டுக் கம்பெனிக்காரர் ஏமாத்தினது. பொண்ணப் பத்தி ஏதோ."

"அவ்வளவுதானா?"

"எங்கிட்ட அவ்வளவுதான் சொன்னாங்க. முட்டியத்தான் முக்கியமாச் சொன்னாங்க. நீங்க கவனிச்சது அவங்களுக்கு அதுவரைக்கும் தெரியாதாம்."

அவர் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு வெளியே யாரோ கயிறு இருக்கிறதா என்று கேட்டார்கள். "இருக்கு, நாளைக்கு வாங்க," என்றார். டாக்டருக்கு அதற்கு மேல் அங்கே வேலை இருக்கவில்லை.

மழைக்காலம் முழுவதும் அவள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நோயாளிகள் யோசனை சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பம்பு ஹவுஸ் விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

மழை விட்டபின் ஆணிக்கடை அம்மா வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். பல் நன்றாக இருந்தது. நாற்காலியில் ஏறும்போது இந்த முறை முழங்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தது தெரிந்தது.

"முட்டிக்கு டவுன்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டறோம்," என்றார் அந்த அம்மா. "அவரே ஒரு நாள், 'கிளம்பு, போலாம்'னாரு. எங்கன்னேன். முட்டிக்குன்னாரு. கடையோட சரக்கு வண்டியில கூட்டிட்டுப் போனாரு."

"நல்லது."

"அதில்ல விஷயம். வண்டி ஓட்டறப்ப பேசறாரு டாக்டர். ஊர் எல்லை தாண்டினதும் ஆரம்பிச்சாரு. டவுன் வர்ற வரைக்கும் நிறுத்தல. ரோட்டப் பாத்துக்கிட்டே பேசறாரு. வண்டி நின்னதும் வாயும் நின்னுருது. எதிர்ல மூஞ்சி இருந்தா அவருக்கு வரல போல. பக்கத்துல உக்காந்தா வருது." அந்த அம்மா யோசித்தார். "இத்தன வருஷம் எதிர்ல உக்காந்து சோறு போட்டது தப்பாப் போச்சு."

"இப்ப வீட்டுல?"

"வீட்டுல அதே ஆளுதான். ஞாயித்துக்கிழம வண்டிய எடுத்துக்கிட்டுக் கொஞ்ச தூரம் போயிட்டு வர்றோம். முட்டிக்குக் காட்ட வேண்டியது மாசத்துல ஒரு தடவதான். மத்த வாரம் சும்மா."

"மீன்?"

"எப்பவாவது போறாரு. முன்ன மாதிரி இல்ல."

அந்த வாரம் டாக்டர் மறுபடி கம்பை எடுத்தாள். போக மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் முதலில் கடைக்குப் போய், மர மில் பக்கம் போகலாமா என்று ஆணிக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"போனாலும் ஒண்ணும் இல்ல," என்றார். "வெள்ளத்துல மரம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. மடுவுல மண்ணு விழுந்து மூடிருச்சு. முழங்கால் தண்ணிதான் நிக்குது."

"மீன்லாம்?"

"மரம் இருந்தவரைக்கும்தான் மீன். வேற எங்கயாவது போய் நின்னிருக்கும்."

"எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவர் மெல்லிய நரம்பு ஒரு சுருள் எடுத்து வைத்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். "வெள்ளம் வடிஞ்சிருச்சு, கரையோரமாவே நடந்து பாருங்க. தண்ணி சுத்திச் சுத்தி வர்ற எடம் தேடுங்க. மேல நுரை கட்டி நின்னா அடியில பள்ளம் இருக்குன்னு அர்த்தம். மொத நாளே தூண்டில் போடாதீங்க. சும்மா உக்காந்து பாருங்க. குமிழி வருதா, சேறு கலங்குதான்னு. கிடைச்சா," என்று நிறுத்தி, "எனக்குக்கூடச் சொல்லாதீங்க," என்றார்.

அவள் கரையோரமாக நடந்தாள். புதன்கிழமைகள் போதவில்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் நடந்தாள். ஊருக்கு மேற்கே பெரிய ரோட்டுப் பாலம் வரைக்கும் போனாள். பாலத்தின் இரண்டாவது தூணுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு தட்டு போலச் சுற்றிக்கொண்டிருந்தது, மேலே நுரை கட்டியிருந்தது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிறிய குமிழிகள் ஒரு வரிசையாக வந்தன, வந்த இடத்தில் சேறு புகை போலக் கிளம்பியது.

குறித்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறி வந்தபோது, பாலத்தின் மேல் ஆணிக்கடையின் சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. அவள் தூண்டில் உறையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ஓரமாக நின்றாள். வண்டி மெதுவாகத்தான் போனது. ஆணிக்கடைக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. டாக்டரைக் கண்டதும் மட்டும் லேசாகக் கையை உயர்த்தினார். வண்டி பாலத்தைத் தாண்டி, வளைவில் திரும்பியது.